ராக் சக்கர் தொகுப்பு: தோட்டாவை வீட்டிலேயே நிரப்புவது கட்டுப்படியாகுமா?

சுட்டு முடித்த தோட்டாவில் குண்டும் வெடிமருந்தும் அந்த மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் தீர்ந்துபோகின்றன. விலையில் கணிசமான பங்கைப் பிடிக்கும் பித்தளை உறை மட்டும் அப்படியே கையில் மிஞ்சுகிறது. அந்த உறையை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் இலக்குச் சுடுவோரிடமும் வேட்டைக்காரர்களிடமும் வெகுகாலமாக இருந்து வருகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்பிக்கொள்ள அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்கென்று தயாரித்தால் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், கீழே உள்ள கணக்கு அமெரிக்க வாசகர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

புதிதாகத் தொடங்குவோருக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் ராக் சக்கர் சுப்ரீம் தொகுப்பு. நெம்புகோலால் இயங்கும் வார்ப்பிரும்பு பிரஸ், தராசு, மருந்து அளப்பான், பிரைமர் பொருத்தும் கைக்கருவி, உறைக்குத் தடவும் மசகு, அளவுகளைச் சொல்லும் கையேடு ஆகியவை அதில் அடங்கும்; விலை ஏறத்தாழ 400 முதல் 500 டாலர். ஆனால் இதோடு செலவு முடிவதில்லை. உறையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரவும் குண்டைப் பொருத்தவும் ஒவ்வொரு தோட்டா வகைக்கும் தனியே வாங்க வேண்டிய டை என்ற அச்சு, உறையைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், நீளம் அளக்கும் காலிப்பர், உறைகளைத் துலக்கும் டம்ளர் எந்திரம் ஆகியவற்றையும் சேர்த்தால் முதலீடு 650 டாலரை எட்டிவிடும்.

அந்த முதலீடு திரும்பி வருமா என்பது எதைச் சுடுகிறோம் என்பதைப் பொறுத்தது. போட்டித் தரத்திலான .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டா கடையில் இரண்டு டாலரை நெருங்குகிறது. அதையே வீட்டில் நிரப்பினால் நல்ல குண்டுக்கு 50 சென்ட், மருந்துக்கு 30, பிரைமருக்கு 8 முதல் 10, பல முறை பயன்படும் உறையின் தேய்மானமாக 10 என்று ஒரு டாலரில் அடங்கிவிடும். ஏறத்தாழ 700 தோட்டாக்களில் முதலீடு மீண்டுவிடும். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவின் கதையே வேறு. சாதாரண ரகம் கடையிலேயே 25 சென்ட் அளவில் கிடைக்கும்போது, பொறுக்கியெடுத்த இலவச உறையில் நிரப்பினாலும் குண்டுக்கும் பிரைமருக்கும் மருந்துக்குமாக 20 சென்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. ஒரு முறை நெம்புகோலை இழுத்தால் ஒரே வேலைதான் நடக்கும் இந்த பிரஸ்ஸில் 50 தோட்டாவை முடிக்க இருநூறு தடவை இழுக்க வேண்டும். மிச்சம் இரண்டு டாலர் சொச்சம். இதற்காக யாரும் இந்தத் தொகுப்பை வாங்க வேண்டியதில்லை.

உழைப்பு என்று சொன்னால் பலரும் நெம்புகோலை நினைக்கிறார்கள். உண்மையில் நேரத்தைத் தின்பது உறையைத் தயார்செய்வதுதான்: துலக்கி, மசகு தடவி, பழைய அளவுக்குச் சுருக்கி, நீண்டுபோன கழுத்தை வெட்டி, விளிம்பின் பிசிறை நீக்க வேண்டும். மசகு குறைந்தால் உறை டைக்குள் சிக்கி, அடிவிளிம்பு பிய்ந்துபோகும். கூடினால் உறையின் கழுத்துக்குக் கீழே சரியும் தோள் பகுதியில் பள்ளம் விழும். பிரைமர் சரியாக அமர்ந்ததா என்பதைக் கண்ணைவிட விரல்நுனி நன்றாகச் சொல்லும். உறையின் அடிமட்டத்துக்குச் சற்றே கீழே இறங்கியிருக்க வேண்டும். மருந்து ஊற்றியபின், குண்டு பொருத்துவதற்கு முன், உறைகள் நிற்கும் பலகையை விளக்கொளியில் சாய்த்து எல்லாவற்றிலும் மருந்து மட்டம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது, ஏனெனில் ஒரே உறையில் இரு முறை மருந்து விழுந்தால் துப்பாக்கியே வெடித்துச் சிதறக்கூடும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்துப் புட்டிதான் இருக்க வேண்டும். கையேட்டின் அளவைத் தாண்டக் கூடாது. பேச்சுத் துணையோ தொலைக்காட்சியோ இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார முடியாதவர்களுக்கு இது ஏற்ற வேலையன்று.

இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது பணம் மட்டுமன்று. குண்டின் வகையையும் மருந்தின் அளவையும் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்து, தம் ரைஃபிளில் எது இலக்கில் மிக நெருக்கமாக விழுகிறது என்று கண்டறியும் வசதியைக் கடைச் சரக்கு தருவதில்லை. .303 பிரிட்டிஷ் போன்ற பழைய ரகங்களை வைத்திருப்போருக்கு, தோட்டா கிடைக்காத காலத்திலும் துப்பாக்கி முடங்காது. எனினும் நிரப்புவோர் பஞ்சத்திலிருந்து தப்பிவிடுகிறார்கள் என்ற பேச்சை நான் பாதிதான் நம்புகிறேன். 2020இல் தொடங்கிய தட்டுப்பாட்டில் தோட்டாவோடு பிரைமரும்தான் அலமாரிகளிலிருந்து மறைந்தது.

மாதம் சில நூறு கைத்துப்பாக்கித் தோட்டா சுடுவோர், நெம்புகோலின் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டாவைத் தரும் டில்லன் போன்ற புரொகிரசிவ் பிரஸ்ஸைப் பார்க்கலாம், அதுவும் ரகம் விலை கூடியதாக இருந்தால். ரைஃபிளில் துல்லியம் தேடுவோருக்கு ராக் சக்கர் போதும். வாங்குமுன் அருகிலுள்ள கடையில் மருந்தும் பிரைமரும் கிடைக்கின்றனவா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. இணையத்தில் வரவழைத்தால் அபாயப் பொருள் கட்டணம் பெரும்பாலும் ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று விழும் என்பதால், சிறிய அளவில் வாங்குவோரின் மிச்சம் அதிலேயே கரைந்துவிடும்.