செப்டம்பர் 11 இரவு, நெவார்க்கில் இறங்கும் விமானத்தின் ஜன்னலோர இருக்கை

ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று இரவு முழுவதும் நியூயார்க்கில், 2001 தாக்குதலில் தகர்ந்த உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்காக எரியும் நினைவு ஒளித்தூண்களை வானிலிருந்து காண வேண்டும் என்பதற்காகவே, அன்றிரவு நியூயார்க்கை அடுத்த நெவார்க்கில் இறங்கும் உள்நாட்டு விமானம் ஒன்றில் கூடுதல் கட்டணம் செலுத்தி ஜன்னலோர இருக்கையைப் பதிவு செய்திருந்தேன். விமானம் குறித்த நேரத்தில் கிளம்பியது, பணியாளர்கள் கனிவாக நடந்துகொண்டார்கள். ஆனால் இருக்கை வரைபடத்தில் ஜன்னலோரம் என்று காட்டப்பட்டிருந்த இடத்தில் பாதி சுவர்தான் இருந்தது. ஜன்னல் முன்வரிசையை ஒட்டியிருந்ததால் கடைசி கால் மணி நேரமும் முன்னே குனிந்தபடியே பார்க்க வேண்டியிருந்தது. தனிக் கட்டணம் வாங்குபவர்கள் இதை முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும்.

கண்ட காட்சிக்கு அந்தக் கழுத்துவலி ஒரு பொருட்டே அல்ல. தரையில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது இரண்டு தூண்களும் உச்சியில் ஒன்றுகூடுவதுபோலத் தோன்றும். விமானத்திலிருந்தோ அவை சற்றும் சாயாமல், ஒன்றையொன்று தொடாமல் எழுந்து, எங்கே முடிகின்றன என்று சொல்ல முடியாதபடி இருளில் கரைவதைக் கண்டேன். விமானம் ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே தெற்கு நோக்கி வந்தபோது ஒரு தூண் மற்றொன்றின் பின்னால் மறைந்து, சில நொடிகள் ஒன்றாகவே நின்று, பிறகு மெல்லப் பிரிந்து மீண்டும் இரண்டானது. பக்கத்தில் இருந்த முதியவர் தம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் எதுவும் பேசவில்லை.

2002 மார்ச் 11 அன்று முதன்முதலில் ஏற்றப்பட்ட இந்த ஒளி, 7,000 வாட் திறனுள்ள 88 செனான் விளக்குகளிலிருந்து வருகிறது. கோபுரங்கள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தெற்கே, ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்தில் 48 அடிச் சதுரங்கள் இரண்டாக அவற்றை அடுக்கியிருக்கிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் 60 மைல் தொலைவிலிருந்தும் தெரியும் என்பதால், வெகு தொலைவிலேயே தூண்களை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

தெற்கு நோக்கி இறங்கும்போது, தூண்கள் எழும் மன்ஹாட்டன் பகுதி இடப்பக்கம் வரும். காற்று மாறி வடக்கு நோக்கி இறங்கினால் வலப்பக்கம். இதை முன்பதிவின்போது அறிய வழியில்லை. விமானி ஒரு வார்த்தை அறிவித்திருந்தால் மறுபக்கம் அமர்ந்திருந்தவர்களும் எட்டிப் பார்த்திருப்பார்கள். அறிவிக்காதது எனக்கு உண்மையாகவே வருத்தம். இறக்கைக்கு நேராக உள்ள வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். கண்ணாடியில் உள்விளக்கு பிரதிபலிக்காதபடி இரு கைகளையும் முகத்தின் ஓரமாகக் குவித்துக்கொண்டு பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. வலசை போகும் பறவைகள் ஒளியில் சிக்கி ஆயிரத்துக்கு மேல் சுற்றத் தொடங்கினால், அவை விலகிச் செல்வதற்காக விளக்குகளைச் சுமார் 20 நிமிடங்கள் அணைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் இறங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. அதை நான் குறையாகக் கருத மாட்டேன்.