சைலன்ட் பேஷன்டா, கான் கேர்ளா?

எல்லோரும் கொண்டாடுகிறார்களே என்று 2019இல் வந்த 'தி சைலன்ட் பேஷன்ட்' நாவலை ஆசையாக எடுத்தேன், ஏமாற்றம்தான். தொடக்கம் அபாரம்: ஓவியரான அலிசியா கணவனை ஐந்து முறை சுட்டுவிட்டு அதன்பின் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, சாவிலிருந்து மீண்டு மௌனமாக நிற்கும் கிரேக்க நாடகத்து அல்செஸ்டிஸை இதோடு இணைத்த விதமும் பிடித்தது. ஆனால் அவளுடைய டைரிப் பக்கங்கள் தவிர மற்றதெல்லாம் சிகிச்சையாளர் தியோ வாயிலாகவே வருவதால், மீதிப் பேர் நாம் சந்தேகப்படுவதற்காகவே நிறுத்திவைத்த ஆட்கள் போலத் தெரிகிறார்கள். மொத்தப் புத்தகமும் கடைசித் திருப்பத்துக்காகக் காத்துக்கிடக்கிறது. அது தெரிந்தபின் மறுபடி புரட்ட எனக்கு எதுவும் இல்லை.

2012இல் வந்த 'கான் கேர்ள்' வேறு ரகம். பெரிய திருப்பத்தைப் பாதியிலேயே போட்டு உடைத்துவிடுகிறார் கில்லியன் ஃபிளின், அப்புறம்தான் பயமே ஆரம்பிக்கிறது, ஏனென்றால் கணவன் நிக், மனைவி ஏமி இருவரில் யாரை நம்புவது என்ற கேள்வி போய், இப்படி ஒரு கல்யாணத்துக்குள் இரண்டு பேர் எப்படி இருக்க முடியும் என்ற கேள்வி வந்துவிடுகிறது. முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் இதை எடுங்கள். சின்னச் சின்ன அத்தியாயமாக ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டும் என்றால் மட்டும் முதலாவது, சரியா?