5%னா கம்மின்னு நினைச்சுடாதீங்க: லண்டன்ல முதல் தடவை வேப் கிட் வாங்க போறவங்க படிங்க

லண்டன்ல எந்த வேப் கடையிலயாவது 5%னு போட்ட லிக்விட் பாட்டில எடுத்து கையில கொடுத்தாங்கன்னா அங்கயே கவுண்டர்ல வச்சிட்டு வெளிய வந்துடுங்க. நம்பர் சின்னதா இருக்கு, மைல்டா தான் இருக்கும்னு தோணும். 5%னா ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் நிகோடின். யூகேல சட்டப்படி விக்கலாம்ங்கிற அதிகபட்சமே 20 மில்லிகிராம் தான், அதாவது 2%. 50ங்கிறது அமெரிக்கா மார்க்கெட்டுக்கு செய்யுற சரக்கு, இங்க ஷெல்ஃப்ல இருக்கவே கூடாது. அத தான் எனக்கு "இது லோ தான் ண்ணா, பிகினருக்கு கரெக்டா இருக்கும்"னு சொல்லி ஒரு கடைப்பையன் தலையில கட்டினான்.

நான் ஒரு பத்து வருஷத்துக்கு மேல தம் அடிக்கிறவன். இங்க ஒரு பாக்கெட் 16 பவுண்டு கிட்ட வந்துருச்சு, ரூம் வாடகைக்கு அடுத்த பெரிய செலவே அதான்னு ஆகிப்போச்சு, அதோட பொண்ணு வேற பொறந்துட்டா, சரி விட்ருவோம்னு முடிவு பண்ணி ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு கடைக்கு போனேன். கவுண்டர்ல நம்ம தமிழ் பையன். அண்ணா அண்ணான்னு அவ்ளோ மரியாதை. தமிழ்ல பேசி வாங்குறோமேன்னு எனக்கும் ஒரு நிம்மதி. நான் தெளிவா சொன்னேன், ஒரு நாளைக்கு பதினஞ்சு சிகரெட் வரைக்கும் போகும், இதுவரைக்கும் வேப் தொட்டதே இல்ல, சிகரெட் இழுக்குற மாதிரியே இருக்கணும், புகை மேகமா வரணும்னு எல்லாம் எனக்கு ஆசை இல்லன்னு. இத ஏன் இவ்ளோ விவரமா சொல்றேன்னா பின்னாடி வர்ற சட்ட விஷயத்துக்கு இது தான் ஆதாரம்.

அவன் எடுத்து கொடுத்தது என்ன தெரியுமா, 80 வாட் பாக்ஸ் மாட் (பெரிய பவர் வேப் மெஷின்), அதுக்கு மேல 5 மில்லி கண்ணாடி டேங்க், உள்ள 0.2 ஓம் காயில் (லிக்விட சூடாக்குற கம்பி), தனியா ஒரு 18650 பேட்டரி, அப்புறம் அந்த 30 மில்லி 5% நிக் சால்ட் (நிகோடின் உப்பு வடிவத்துல இருக்கிற லிக்விட்). எல்லாம் சேர்த்து 94 பவுண்டு. கேஷா கொடுத்தா அஞ்சு பவுண்டு குறைக்கிறேன்னான், நான் கார்டுல தான் கொடுத்தேன். பில்லுல என்ன பொருள்னே இல்ல, வெறும் "அக்சசரீஸ்"னு ஒரே வரி.

இதுல என்ன பிரச்சனைன்னு புதுசா வர்றவங்களுக்கு புரியணும்னா ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். வேப்ல ரெண்டு வகை இழுப்பு இருக்கு. ஒண்ணு சிகரெட் மாதிரி, முதல்ல வாய்க்கு இழுத்து அப்புறம் உள்ள விடுறது, இதுக்கு எம்டிஎல்னு பேரு. காயில் 1 ஓம் பக்கம் இருக்கும், 10-15 வாட்ல ஓடும், புகை கொஞ்சமா தான் வரும். இன்னொண்ணு டிடிஎல், ஹூக்கா மாதிரி நேரா நுரையீரலுக்கு இழுக்குறது, காயில் அரை ஓமுக்கும் கீழ, 50-60 வாட்டுக்கு மேல, ஒவ்வொரு இழுப்புக்கும் எக்கச்சக்கமா லிக்விட் ஆவியாகும். அதனால அந்த டிடிஎல் ஆளுங்க 3 மில்லிகிராம், மிஞ்சிப்போனா 6 மில்லிகிராம் நிகோடின் தான் ஊத்துவாங்க. 10, 20ன்னு போட்ட நிக் சால்ட் எல்லாம் பாட் கிட்னு சொல்ற, கம்மி வாட்ல ஓடுற சின்ன வேப்புக்கு மட்டும் தான். எனக்கு கொடுத்தது டிடிஎல் மெஷின், அதுல 50 மில்லிகிராம் சால்ட். டிகாஷன சொம்பு நிறைய ஊத்தி பால் சர்க்கரை இல்லாம மடக் மடக்னு குடிக்கிற மாதிரி. வேப் பழகினவன் எவனுமே அந்த ரெண்டையும் ஒண்ணா சேர்க்க மாட்டான், அந்த கடைப்பையனுக்கும் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும், ஏன்னா அவன் கழுத்துல தொங்கினது சின்ன பாட் கிட் தான்.

கடையிலயே லிக்விட் ஊத்தி உடனே இழுத்து பாருங்கன்னான். இழுத்தா கருகின பஞ்சு வாசனை. "புதுசுன்னா அப்படி தான் ண்ணா இருக்கும், போக போக சரியாயிடும்"னான். சரியாகாது. புது காயில் உள்ள பஞ்சு இருக்கும், அதுல நாலஞ்சு சொட்டு விட்டு, டேங்க நிரப்பி, அஞ்சு பத்து நிமிஷம் ஊற விட்டு தான் இழுக்கணும், காஞ்ச பஞ்சுல கரண்ட் போனா ஒரே இழுப்புல காயில் செத்துரும். அந்த கருகல் திரும்ப போகவே போகாது, காயில மாத்துறது தான் வழி. ஆக கடைய விட்டு வெளிய வர்றதுக்குள்ளயே ஒரு காயில் காலி.

வெளிய வந்து ரெண்டு மூணு இழுப்பு இழுத்திருப்பேன். தொண்டையில யாரோ மிளகா பொடி தூவின மாதிரி இருமல். சிகரெட் அடிக்கிறவன் தானே, தாங்கும்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் இழுத்தேன், பஸ்ல ஏறினதும் தலை கிறுகிறுன்னு, கை சில்லுன்னு வேர்த்து, நெஞ்சு படபடன்னு அடிக்குது. அடுத்த ஸ்டாப்ல இறங்கி ரோட்டோரம் வாந்தி. வீட்டுக்கு வந்தும் நிக்கல, ரூம்மேட் 111க்கு (என்ஹெச்எஸ் மருத்துவ ஹெல்ப்லைன்) போன் பண்ணினான், நிகோடின் ஓவரா போனா இப்படி தான் இருக்கும், இனிமே இழுக்காதீங்க, தண்ணி குடிங்க, நெஞ்சு வலி மூச்சுத்திணறல் வந்தா உடனே கூப்பிடுங்கன்னாங்க. ராத்திரி வரைக்கும் படுத்து கெடந்தேன். பத்து வருஷ தம்ல ஒரு நாளும் அப்படி ஆனது இல்ல.

அதோட விட்டுச்சா, மறுநாள் பார்த்தா கோட் பாக்கெட் பூரா ஈரம். சால்ட் லிக்விட் தண்ணியா இருக்கும், விஜி (கெட்டியான கிளிசரின்), பிஜி (தண்ணியான கிளைகால்) பாதிக்கு பாதி. பெரிய காயில்ல ஓட்டை பெருசு, அதுக்கு 70 விஜி மாதிரி கெட்டியா இருக்கணும். தண்ணி லிக்விட ஊத்தினா அடியில வழிஞ்சுட்டே தான் இருக்கும். மில்லிக்கு 50 மில்லிகிராம் நிகோடின் இருக்கிற லிக்விட் கோட்டுல வழிஞ்சு கிடக்கு, வீட்ல தவழுற குழந்தை. தோல் வழியாவும் நிகோடின் உள்ள போகும், தெரிஞ்சுக்கோங்க. இங்க சட்டப்படி விக்கிற பாட்டில்ல குழந்தைங்க திறக்க முடியாத மூடி இருக்கணும், சீல் உடைச்சா தெரியணும், உள்ள ஒரு தாள்ல விவரம் இருக்கணும், நிகோடின் இருக்கிற பாட்டில் 10 மில்லிக்கு மேல போகக்கூடாது, டேங்க் 2 மில்லிக்கு மேல போகக்கூடாது. எனக்கு கொடுத்ததுல இது அத்தனையும் மீறி இருந்துச்சு. (50 மில்லி பாட்டில் கடையில இருக்கேன்னு கேப்பீங்க, அது ஷார்ட்ஃபில், உள்ள நிகோடின் பூஜ்யம், 18 மில்லிகிராம் நிக் ஷாட் 10 மில்லி தனியா வாங்கி கலந்தா மொத்தம் 60 மில்லிக்கு 3 மில்லிகிராம் வரும். அது சட்டப்படி சரி. ஆனா பெரிய பாட்டில்லயே நிகோடின் அளவு போட்டிருந்தா அது கள்ள சரக்கு.)

பேட்டரி கதை இன்னும் மோசம். என் ரூம்மேட் கோயம்புத்தூர் பையன், பேட்டரி பேக் டெஸ்ட் பண்ற வேலை. அவன் அந்த செல்ல கையில வாங்கினதுமே சிரிச்சுட்டான். மேல 3500 எம்ஏஹெச், 40 ஆம்ப்னு ப்ரிண்ட். அவன் சொன்னது, 18650 சைஸ்ல 3500 வேணும்னா கரண்ட் 8, 10 ஆம்ப் தான் தாங்கும், வேப்புக்கு ஆகுற 20 ஆம்ப் செல் வேணும்னா கெப்பாசிட்டி 2500 பக்கம் தான் இருக்கும், சாம்சங் 25ஆர் மாதிரி, ரெண்டும் ஒரே செல்லுல இவ்ளோ கிடைக்கவே கிடைக்காது. சமையல் தராசுல வச்சான், நல்ல செல் 45 கிராம் கிட்ட இருக்கணுமாம், இது அதவிட நல்லா கம்மி. ஆபீஸ்ல கொண்டு போய் சோதிச்சான், 3500ன்னு போட்டது 1200ஐ கூட தொடல. பழைய லேப்டாப்ல இருந்து உருவின செல்லுக்கு புது உறை மாட்டி விக்கிறது பெரிய வியாபாரமாவே நடக்குதாம். கணக்கு போட்டு காட்டினான், 60 வாட்ட 3.7 வோல்ட்ல வகுத்தா 16 ஆம்ப், சார்ஜ் இறங்க இறங்க வோல்டேஜ் குறையும், கரண்ட் இன்னும் ஏறும், 20ஐ தாண்டும். 5 ஆம்ப் கூட தாங்காத செல்ல வச்சு வாய்க்கு பக்கத்துல பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அதோட அந்த பையன் செல்ல கவர் கூட இல்லாம சும்மா கையில கொடுத்தான். சாவி, சில்லறை கூட பாக்கெட்ல போட்டா ஷார்ட் ஆகி தொடையிலயே வெடிக்கும். ஒரு பவுண்டு ப்ளாஸ்டிக் டப்பா போதும் அதுக்கு, அத கூட கொடுக்க மனசு வரல.

திரும்ப கடைக்கு போனேன். முதல்ல அண்ணா, அப்புறம் ப்ரோ, கடைசியில சார். "வாய் வச்ச பொருள் சார், ஹைஜீன், ரிட்டர்ன் கிடையாது, போர்டு போட்டிருக்கோம் பாருங்க". போர்டு போட்டா சட்டம் மாறிடாது. 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட்ல தெளிவா இருக்கு, பொருள் சொன்னபடி இருக்கணும், தரமா இருக்கணும், வாங்குறவன் என்ன தேவைக்குன்னு கடைக்காரன் கிட்ட சொல்லியிருந்தா அந்த தேவைக்கு பொருந்தணும். இல்லன்னா 30 நாளுக்குள்ள திருப்பி கொடுத்து முழு காசு கேக்கலாம். ஹைஜீன் சாக்கு எல்லாம் ஆன்லைன்ல வாங்கி மனசு மாறி திருப்பி அனுப்புறப்ப சீல் உடைச்சிருந்தா சொல்லலாம், குறை இருக்கிற பொருளுக்கு அது செல்லாது. இத சொன்னதும் உள்ளேர்ந்து ஓனர் வந்தாரு, "உங்க உடம்பு வீக்கு, அதுக்கு நாங்க என்ன பண்றது"ன்னாரு. அப்புறம் 20 பவுண்டுக்கு கடையிலயே வேற ஏதாவது எடுத்துக்கோங்கன்னு பேரம்.

வேண்டாம்னுட்டு வந்துட்டேன். சிட்டிசன்ஸ் அட்வைஸ் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 0808 223 1133, அங்க சொன்னா அவங்க ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு (கடைகள கண்காணிக்கிற கவுன்சில் துறை) அனுப்புவாங்க, நேரா ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் போன எடுக்காது. பாட்டில், செல், பில்லு, பேக்கிங் எல்லாத்தையும் போட்டோ எடுத்து பத்திரமா வச்சிருக்கேன், நீங்களும் எதையும் தூக்கி போட்றாதீங்க. உடம்புக்கு வந்தத எம்ஹெச்ஆர்ஏ (மருந்துகள கண்காணிக்கிற அரசு அமைப்பு) நடத்துற யெல்லோ கார்டு புகார் சைட்ல போட்டேன், வேப் விஷயமும் அதுல போடலாம்னு நிறைய பேருக்கு தெரியல. பேங்க்ல சார்ஜ்பேக் (கார்டுல போன காச பேங்க் மூலமா திரும்ப வாங்குறது) கேட்டிருக்கேன். கிரெடிட் கார்டுன்னா கார்டு கம்பெனியும் பொறுப்புங்கிற செக்ஷன் 75 இருக்கேன்னு ஒருத்தர் சொன்னாரு, ஆனா அதுக்கு பொருள் விலை 100 பவுண்டுக்கு மேல இருக்கணும், நமக்கு ஒத்து வராது. கேஷா கொடுத்திருந்தா எதுவுமே இல்ல, அந்த அஞ்சு பவுண்டு தள்ளுபடி எதுக்குன்னு இப்ப புரியுது.

இப்ப வேற கடையில வாங்கினேன், அங்க ஒரு வயசான அம்மா, இங்கிலீஷ்காரங்க. பொருள காட்டவே இல்ல முதல்ல. ஒரு நாளைக்கு எத்தனை, காலையில எந்திரிச்சு எவ்ளோ நேரத்துல முதல் சிகரெட், எப்படி இழுப்பன்னு கேட்டாங்க. எந்திரிச்ச அரை மணி நேரத்துக்குள்ள பத்த வைக்கிறவனுக்கு நிகோடின் பிடி ஜாஸ்தி, அவனுக்கு 3 மில்லிகிராம் கொடுத்தா ரெண்டே நாள்ல மறுபடி சிகரெட்டுக்கு போயிடுவான்னாங்க. ஒரு சின்ன பாட் கிட், 1 ஓம், பேட்டரி உள்ளயே இருக்கு, தனியா செல் வாங்குற வேலையே இல்ல, 18 பவுண்டு. 20 மில்லிகிராம் சால்ட் ஒண்ணு, 10 மில்லிகிராம் ஒண்ணு, ஒவ்வொண்ணும் 4 பவுண்டு கிட்ட. மொத்தம் 30 பவுண்டு கூட ஆகல. அந்த பாட்டில் பேர எம்ஹெச்ஆர்ஏ லிஸ்ட்ல (இங்க விக்க பதிவான பொருட்களோட பட்டியல்) தேடினா வருது. முதல் கடைக்காரன் கொடுத்த பாட்டில் பேர எப்படி தேடினாலும் வராது. வாங்குறதுக்கு முன்னாடி கடையிலயே நின்னு போன்ல தேடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

இதவிட கடுப்பு என்னன்னா, கவுன்சில் ஸ்டாப் ஸ்மோக்கிங் சர்வீஸ்ல சில இடங்கள்ல வேப் கிட்டையே இலவசமா கொடுக்குறாங்க, 2023ல அறிவிச்ச ஸ்வாப் டு ஸ்டாப் திட்டம். எல்லா ஏரியாலயும் கிடைக்காது, ஆனா கடைக்கு போறதுக்கு முன்னாடி உங்க கவுன்சில்ல ஒரு போன் போட்டு கேளுங்க. அப்புறம் யூஸ் அண்ட் த்ரோ வேப் 2025 ஜூன் 1லேர்ந்து இங்க விக்கவே கூடாது, இன்னமும் கவுண்டருக்கு கீழேர்ந்து எடுத்து கொடுக்குற கடை இருக்கு. அப்படி ஒரு கடைய பார்த்தீங்கன்னா அங்க விக்கிற பேட்டரியையும் லிக்விடையும் நம்பாதீங்க. தம் பழக்கமே இல்லாதவங்க, தயவு செஞ்சு இத படிச்சிட்டு ஸ்டைலுக்கு ஆரம்பிச்சுடாதீங்க, இது தம்ம விடுறவனுக்கு மட்டும் தான், அதுலயும் தீங்கே இல்லன்னு எவனும் சொல்லல.

ஊருக்கு போறவங்க வேப்ப பெட்டியில வச்சு கொண்டு போயிடாதீங்க, போறவங்க கிட்ட கொடுத்தும் அனுப்பாதீங்க. இந்தியால 2019 சட்டப்படி வேப் கொண்டு வர்றது, விக்கிறது, இருப்பு வைக்கிறது எல்லாமே தடை, கொண்டு வந்தாலோ வித்தாலோ முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல ஒரு லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேர்த்தும் போடலாம். சிங்கப்பூர் வழியா போறவங்களுக்கும் அதே தான், அங்க கையில வச்சிருந்தாலே குத்தம். பேட்ச், கம் ஏதாவது வாங்கிட்டு போங்க.

கடை பேர கேட்டு இன்பாக்ஸ்ல வர வேண்டாம். கம்ப்ளெயிண்ட் போயிருக்கு, பேங்க்ல இருந்து இன்னும் பதில் வரல, அது ரெண்டும் முடியிற வரைக்கும் பேர் போட மாட்டேன். பில்லுலயும் டெபிட் ஸ்டேட்மென்ட்லயும் வேற வேற கம்பெனி பேர் இருக்கு, அத பத்தி கேக்க தான் நாளைக்கு மறுபடி பேங்குக்கு போறேன்.