பெல்ட்டில் கட்டும் பெரிய கில்ட்டா, நாலு கெஜமா, எட்டு கெஜமா?

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடையான கில்ட்டைத் தைக்க ஆசைப்படுகிறவர் துணி வாங்கும் முன் முடிவு செய்ய வேண்டியது, எந்த வருடத்து ஆளாக நிற்கப் போகிறோம் என்பதை. ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற நடந்த 1745 யாக்கோபியக் கிளர்ச்சியின் வீரனாக வேடம் போட்டுவிட்டு, பின்னால் ஒரே பக்கம் சாயும் கத்தி மடிப்பு வரிசையாக விழும் எட்டு கெஜ கில்ட்டில் வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அந்தத் தையல் பிறந்தது அடுத்த நூற்றாண்டில்.

1745க்குப் பொருத்தமானது பெரிய கில்ட். கேலிக் மொழியில் ஃபேலே மோர். அன்றைய தறியில் அகலம் குறைவு, அதனால் இரண்டு துணியை நீளவாக்கில் மூட்டினார்கள். இன்று 54 முதல் 60 அங்குல அகலத்தில் கம்பளித் துணி கிடைப்பதால் அந்த ஒரு தையலும் தேவையில்லை. நாலைந்து கெஜம் போதும். தரையில் பெல்ட்டை நீட்டி, மேலே துணியை விரித்து, இரு ஓரமும் ஒரு முழத்துக்கு மேல் விட்டு, நடுவில் கொசுவம் வையுங்கள். அதன்மேல் மல்லாந்து படுத்து, ஓரங்களை வயிற்றுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, பெல்ட்டைப் பூட்டி எழுந்திருங்கள். மேல்பாதியைத் தோளில் ஊசி குத்தி நிறுத்தலாம், மழையென்றால் தலைக்கு இழுக்கலாம். திறந்தவெளி விழாவுக்கு இதற்கு ஈடே இல்லை. கல்யாண வரவேற்பில் கோட்டு போட்டு உட்கார முடியாது, அவ்வளவுதான்.

கீழ்ப்பாதி மட்டும் தனியானதுதான் சிறிய கில்ட். 1720களில் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலைக்காரர் தன் வேலையாட்களுக்காகக் கொண்டுவந்தார் என்பார்கள். அதற்கு முன்பே இருந்தது என்று வாதிடுவோரும் உண்டு. 1746இல் ஸ்காட்லாந்து மலைநாடான ஹைலாந்தின் உடைக்குத் தடை வந்து 1782 வரை நீடித்தது. ராணுவத்துக்கு மட்டும் விலக்கு. மடிப்பைத் தைத்து நிறுத்திய கில்ட் 1790களில் அந்த ராணுவத்தில்தான் தென்படுகிறது: நாலு கெஜம், இரு பக்கமும் உள்நோக்கி மடங்கும் அகலமான பெட்டி மடிப்புகள், விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே.

எட்டு கெஜம் அழகுதான். நடக்கும்போது பின்புறம் வீசுகிற வீச்சு வேறெதிலும் வராது. ஆனால் வேலை கையை ஒடிக்கும். பின்பாதி இடுப்பில் 16 அங்குலம், புட்டத்தில் 20 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிப்புகள் 25 என்றால், அந்த 4 அங்குல வித்தியாசத்தை ஒவ்வொரு மடிப்பிலும் சுமார் 4 மில்லிமீட்டராகக் குறுக்கிக்கொண்டே மேலேற வேண்டும். அப்போதும் டார்ட்டன் எனும் பலவண்ணக் கட்டம் முன்பக்கம் போலவே பின்னாலும் தொடர வேண்டும். ஒரு மடிப்பு நூலளவு பிசகினாலும் கோடு உடைந்து பளிச்சென்று தெரியும். நான் இரண்டாவது மடிப்பில் விட்ட பிசகு பதினெட்டாவதில்தான் கண்ணில் பட்டது, அத்தனையையும் பிரித்தேன்.

அதனால் முதல் தடவை தைப்பவருக்கு நாலு கெஜப் பெட்டி மடிப்பையே சொல்வேன். துணிச் செலவு பாதி, வெயிலுக்கு இலேசு, 1800ஐ ஒட்டிய வேடத்துக்கு உண்மை, கல்யாணத்துக்கும் குறைவில்லை. பாலியஸ்டரில் வெல்க்ரோ ஒட்டியது வேண்டாம், மடிப்பு நிற்காது.

எதைத் தைத்தாலும் கீழ் ஓரத்தை மடித்து அடிக்காதீர்கள். துணியின் கரையே கீழே வரவேண்டும். போட்டுக்கொண்டு மண்டியிட்டால் அந்தக் கரை தரையில் தட்டாமல் ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும். முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இரு மடல்களில், அலங்கார ஊசியை மேல் மடலில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும்.