ரிஃப்ரெஷ் 2 மணி நேரத்தைத் தொடும்போது: பெரிய கேட்வேயா, டைரக்ட் கொயரியா, இன்கிரிமென்டலா?

மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் டூலான பவர் பிஐயின் புரோ உரிமத்தில், டேட்டாவைப் புதுப்பிக்கும் ஒரு ரிஃப்ரெஷ் ஓட 2 மணி நேரம்தான் அவகாசம். அதற்குள் முடியாவிட்டால் பாதியில் நின்றுவிடும். வரிசையாக 4 முறை இப்படித் தோற்றால் அட்டவணையே அணைந்துவிடும். எங்கள் விற்பனை ரிப்போர்ட் இந்த எல்லையை முட்டியபோது கையில் மூன்று வழிகள் இருந்தன: கேட்வே மெஷினை (நம் டேட்டாபேஸையும் பவர் பிஐ கிளவுடையும் இணைப்பது) பெரிதாக்குவது, டைரக்ட் கொயரிக்கு மாறுவது, இன்கிரிமென்டல் ரிஃப்ரெஷ் அமைப்பது. நாங்கள் எடுத்தது மூன்றாவது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இதைவிட மேல்நிலை உரிமமான பிரீமியத்துக்குப் போகலாமே என்று யாராவது கேட்பார்கள். போனால் 5 மணி நேரம் கிடைக்கும். நாளுக்கு 8 முறை என்பது 48 முறை ஆகும். ஆனால் மெதுவாக ஓடுவது அங்கேயும் மெதுவாகத்தான் ஓடும்.

கேட்வேயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 8 கோர், 8 ஜிபி ரேம் என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவு. டேட்டாபேஸுக்குப் பக்கத்திலேயே, ஆனால் தனி மெஷினில் இருக்க வேண்டும். தூங்கிப்போகும் லேப்டாப்பில் இருக்கக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால், அதே கொயரியை நேராக எஸ்க்யூஎல் சர்வரில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால் கேட்வேக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை, டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸைப் பார்க்க வேண்டும்.

டைரக்ட் கொயரியில் டேட்டாவை இறக்குமதி செய்வதே இல்லை, அதனால் ரிஃப்ரெஷ் பிரச்சினையும் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்ப்பவர் ஒவ்வொரு ஃபில்டரை மாற்றும்போதும் அந்தப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு விஷுவலும் தனித்தனிக் கொயரியாகச் சர்வருக்குப் போகும். ராத்திரி ஒருமுறை வந்துபோன சுமை, பில் போடும் நேரத்தில் நாள் முழுக்க வந்து உட்காரும். ஒரு கொயரி திருப்பித் தரும் வரிசைகள் 10 லட்சத்தைத் தாண்டினால் பிழை வரும். பவர் பிஐயின் கணக்கீட்டு மொழியான டாக்ஸ் (DAX) எழுதுவதிலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. நான் இதைச் சின்ன அளவில்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நல்ல காலம்ஸ்டோர் (columnstore) இண்டெக்ஸ் போட்ட டேட்டா கிடங்கின் மேல் வைத்தால் என் அபிப்பிராயம் மாறலாம். இந்த நிமிடத்துக் கையிருப்பு தெரிந்தே ஆக வேண்டும் என்றால் இதுதான் வழி. மாதாந்திர விற்பனை ஒப்பீட்டுக்கு இது தேவையில்லை.

இனி இன்கிரிமென்டல். ரேஞ்ச்ஸ்டார்ட், ரேஞ்ச்எண்ட் என்று இரண்டு பாராமீட்டர்களை வைத்து, டேபிளின் தேதிக் காலத்தை (column) அவற்றுக்குள் ஃபில்டர் செய்கிறோம். 5 வருட டேட்டாவை வைத்துக்கொள், கடைசி 10 நாளை மட்டும் புதுப்பி என்று கொள்கை அமைத்தால், டேபிளைப் பார்ட்டிஷன்களாக, அதாவது தேதிவாரித் துண்டுகளாக, பிரிக்கும் வேலையைப் பவர் பிஐயின் கிளவுட் சர்வீஸே பார்த்துக்கொள்ளும். 2020 முதல் இது புரோவிலேயே கிடைக்கிறது. ஃபில்டரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் சமக்குறி இருக்க வேண்டும். இரண்டிலும் போட்டால் எல்லையில் விழும் வரிசைகள் இரட்டிக்கும்.

இது வேலை செய்யுமா செய்யாதா என்பதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: கொயரி ஃபோல்டிங். அதாவது, பவர் கொயரியில் (டேட்டாவை எடுத்துச் சீராக்கும் பகுதி) நாம் போட்ட தேதி ஃபில்டர், எஸ்க்யூஎல் வாக்கியத்தின் WHERE பகுதியாக மாறி டேட்டாபேஸுக்கே போக வேண்டும். போகாவிட்டால் முழு டேபிளும் கேட்வேக்கு வந்து அங்கே வடிகட்டப்படும். பத்து மூட்டை வாங்க குடோனையே லாரியில் ஏற்றிவந்து, வேண்டாததைத் திருப்பி அனுப்புவது மாதிரி. அதுவும் ஒரு தடவை இல்லை, புதுப்பிக்கும் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு தடவை! இன்கிரிமென்டல் போட்ட பிறகு முன்பைவிட மெதுவாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பவர் கொயரியின் கடைசி ஸ்டெப்பில் ரைட் கிளிக் செய்து, வியூ நேட்டிவ் கொயரி என்ற மெனு வரி மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். மங்கலாக இருந்தால் சந்தேகப்படலாம், ஆனால் அது முடிவான சான்று இல்லை. ரிஃப்ரெஷ் ஓடும்போது சர்வருக்கு வந்துசேரும் வாக்கியத்தை எஸ்க்யூஎல் சர்வரின் புரொஃபைலரில் பார்த்துவிட்டால் சந்தேகமே இருக்காது. ஃபோல்டிங்கை உடைப்பவை பெரும்பாலும் தெரிந்தவைதான்: வரிசை எண் போடும் இண்டெக்ஸ் காலம் (column) சேர்ப்பது, டேபிளை மெமரியில் பிடித்துவைக்கும் டேபிள்.பஃபர், எக்ஸெல் ஃபைலோடு மெர்ஜ் செய்வது, கையால் எழுதிய எஸ்க்யூஎல்லின் மேல் ஸ்டெப்கள் அடுக்குவது. நாங்கள் ஜாயின்களை எல்லாம் டேட்டாபேஸ் வியூவுக்குத் தள்ளிவிட்டு, சோர்ஸுக்கு அடுத்த ஸ்டெப்பிலேயே தேதி ஃபில்டரை வைத்தோம். தேதி 20240131 என்று முழு எண்ணாக இருந்தால், பாராமீட்டரை எண்ணாக மாற்றுங்கள். அந்தக் காலத்தை (column) தேதியாக மாற்றப் போகாதீர்கள்.

சரி, இதில் தொல்லையே இல்லையா என்றால், உண்டு. முதல் லோட் முழுசாகத்தான் ஓடும். புரோவில் அதுவும் அந்த 2 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதனால் டேபிளில் தேவையில்லாத காலங்களை (columns) முன்னாடியே வெட்டிவிடுங்கள். டெஸ்க்டாப்பிலிருந்து மறுபடி பப்ளிஷ் செய்தால் பார்ட்டிஷன்கள் போய்விடும், திரும்பவும் முழு லோட். சின்னத் திருத்தத்தை மட்டும் ஏஎல்எம் டூல்கிட் என்ற தனி டூல் வழியாக அனுப்பலாம், ஆனால் அதற்கு எக்ஸ்எம்எல்ஏ (மாடலை வெளி டூல்களால் திருத்தவிடும் இணைப்பு) வேண்டும், அது பிரீமியம் பக்கம். சர்வீஸிலிருந்து ஃபைலை டவுன்லோட் செய்யவும் விடாது, எனவே மூல ஃபைல் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.

அப்புறம், உங்கள் கணக்குப் பிரிவு எவ்வளவு நாள் பழைய பில்லைத் திருத்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போன மாதத்து பில்லை இன்று மாற்றினால், 10 நாள் ஜன்னல் வைத்த ரிப்போர்ட்டில் அது வராது. எங்கள் இடத்தில் மாதக் கணக்கு முடிந்த பிறகும் கிரெடிட் நோட் வரும், அதனால் ஜன்னலை 2 மாதமாக நீட்டினோம். அப்படியும் பழைய நேரத்தில் சிறு பகுதிதான் ஆகிறது.