மேக்கா, டூவா, டேக்கா? ‘செய்’யும் ‘எடு’வும் ஆங்கிலத்தில் தடுமாறும் இடங்கள்

தமிழில் வீட்டுப்பாடமும் செய்வோம், தவறும் செய்வோம், புகாரும் செய்வோம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘டூ’, மற்ற இரண்டுக்கும் ‘மேக்’. நடந்துகொண்டிருக்கும் வேலை என்றால் பெரும்பாலும் டூ: ஹோம்வொர்க், ரிசர்ச், எக்ஸர்சைஸ். முடிவில் புதிதாக ஒன்று உண்டாகிறது என்றால் மேக்: மிஸ்டேக், கம்ப்ளெயிண்ட், அப்பாயிண்ட்மெண்ட். ‘டேமேஜ்’ இதற்கு அடங்காது. சேதம் உண்டானாலும் அதற்கு டூ அல்லது ‘காஸ்’ (விளைவி) தான்.

‘எடு’ இன்னும் ஆபத்தானது, பாதி இடங்களில் சரியாகப் பொருந்திவிடுவதால். படம், விடுப்பு, ஓய்வு எல்லாவற்றுக்கும் டேக் சரி. அந்தத் துணிச்சலில் ‘டேக் எஃபர்ட்’ என்று எழுதிவிடுகிறோம். ‘மேக் என் எஃபர்ட்’ என்பதே வழக்கு. சிகிச்சைக்கு ரிசீவ் அல்லது அண்டர்கோ.

முடிவெடுப்பதில்தான் உண்மையான போட்டி. ‘டேக் எ டிசிஷன்’ பிரிட்டிஷ் வழக்கில் உண்டு. அதைப் பின்பற்றும் சிங்கப்பூரில் பிழையாகாது. அமெரிக்கர் பெரும்பாலும் மேக் என்றே எழுதுவர். படிப்பவர் எந்த நாட்டவர் என்று தெரியாத அலுவலக மின்னஞ்சலுக்கு மேக் பாதுகாப்பானது. ‘கடினமான’, ‘இறுதியான’ போன்ற அடைமொழி தேவையில்லை என்றால் ‘டிசைட்’ மட்டுமே போதும், வாக்கியமும் சுருங்கும்.

தேர்வை நாம் ‘எழுதுகிறோம்’. அதை ‘ரைட்’ ஆக்க வேண்டாம். சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வுக்கு டேக், சிட் ஃபார் இரண்டும் சிங்கப்பூரில் இயல்பு.

மருந்து விஷயத்தில் அக்கம்பக்கமும் நம்மைத் திருத்தாது. தமிழில் மருந்து சாப்பிடுகிறோம், மலாயில் ‘மாக்கான் உபாட்’, மாண்டரினில் ‘ச்சீ யாவ்’, எல்லாமே ‘உண்’தான். அதனால் ‘ஈட் மெடிசின்’ யார் காதையும் உறுத்துவதில்லை. எழுத்தில் டேக் மட்டுமே. விளக்கைப் போடச் சொல்லும் ‘ஓப்பன் த லைட்’, ‘ஆன் த லைட்’ இரண்டும் பேச்சோடு நிற்கட்டும். எழுதும்போது டர்ன் ஆன் அல்லது ஸ்விட்ச் ஆன்.

ஐயம் வந்தால், எந்தச் சொல்லோடு எது சேரும் என்று காட்டும் சொற்சேர்க்கை அகராதியைத் திறந்து வினையைத் தேடாமல் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள்; அதன்கீழ் பொருந்தும் வினைகள் வரிசையாக இருக்கும். இணையத் தேடலில் தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டும் பார்க்கலாம். ஆனால் எண்ணிக்கையை நம்பாதீர்கள். பிழையான தொடர்களுக்கும் ஏராளமான பக்கங்கள் கிடைக்கும். எழுதியிருப்பது நாளிதழா, அரசாங்க இணையத்தளமா, கருத்துப் பெட்டியா என்று பாருங்கள்.