விசிடிவிசிடி வச்சு 3 வருஷம் வேவ்ஃபார்ம் படிச்ச அனுபவம்

விசிடின்னதும் பர்மா பஜார்ல வாங்கின படம் ஞாபகம் வர்ற வயசுதான் எனக்கும், ஆனா இது வேற. சிப் டிசைன் எழுதுற மொழியான வெரிலாக்ல சிமுலேஷன் ஓடும்போது எந்த சிக்னல் எந்த நேரத்துல என்னவா மாறுச்சுன்னு எழுதி வைக்கிற டெக்ஸ்ட் ஃபைல், வேல்யூ சேஞ்ச் டம்ப். 1995ல வந்த ஐட்ரிபிள்ஈ 1364 ஸ்டாண்டர்ட்லயே இருக்கு, இன்னைக்கும் ஐகாரஸ், வெரிலேட்டர்னு எந்த சிமுலேட்டர்ல ஓட்டினாலும் இது கிடைக்கும். எல்லாரும் இதை, சிக்னல் மாறுறதைக் கோடா (வேவ்ஃபார்ம்) வரைஞ்சு காட்டுற ஜிடிகேவேவ்ல தொறந்து கண்ணால பாப்பாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு 40 டெஸ்ட்டுக்கு வேலிட் ரெடி ஹேண்ட்ஷேக் (அனுப்புறவன் வேலிட், வாங்குறவன் ரெடி, க்ளாக் 0ல இருந்து 1 ஆகுற எட்ஜ்ல ரெண்டும் 1ஆ இருந்தா ஒரு டேட்டா கை மாறும்) எத்தனை நடந்துச்சுன்னு ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டு. ரெண்டாவது நாளே கண்ணு பூத்துப்போச்சு, அப்போ புடிச்சதுதான் இந்த பைத்தான் லைப்ரரி, பேரு விசிடிவிசிடி.

பிப்ல இன்ஸ்டால் பண்ணி ஃபைல் பேரைக் குடுத்தா போதும், சிக்னல் பேரைப் போட்டுக் கேட்டா நேரம், மதிப்புன்னு ஜோடி ஜோடியா லிஸ்ட் வந்துரும். நேரத்தை சதுர ப்ராக்கெட்ல குடுத்தா அந்த நேரத்துல என்ன மதிப்புன்னும் சொல்லும். அவ்ளோதான், அரை மணி நேரத்துல முதல் ஸ்க்ரிப்ட் ஓடுச்சு.

ஆனா ஒண்ணு, ஃபைலை ஒரு தடவையாவது எடிட்டர்ல தொறந்து பாத்துருங்க. உள்ள பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. மேல ஹெடர்ல ஒவ்வொரு சிக்னலுக்கும் ஆச்சரியக்குறி, சதவீதக்குறின்னு ஒரு சின்ன அடையாளம் குடுத்திருப்பான், கீழ #15000னு நேரம், அதுக்குக் கீழ 1! அப்படின்னு ஒட்டினாப்புல ஒரு வரி, அதாவது ஆச்சரியக்குறி சிக்னல் 1 ஆச்சு. ஒரே வயர் பத்து மாட்யூல் வழியா போனா அந்தப் பத்து பெயருக்கும் பெரும்பாலும் ஒரே அடையாளம்தான் இருக்கும், அதனால க்ளாக் எத்தனை எடத்துல இருந்தாலும் ஃபைல்ல ஒரு தடவைதான் எழுதுவான்.

முதல்ல மாட்டினது பேர்ல. 8 பிட் பஸ்ஸுக்கு (எட்டு வயர் சேந்த ஒரு சிக்னல்) வெறும் பேரு மட்டும் குடுத்தா கீஎரர் அடிக்கும், பின்னாடி [7:0]யும் சேத்துக் குடுக்கணும். இதுக்கு ஒரு சாயங்காலம் போச்சு, சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. அடுத்தது டைம்ஸ்கேல், அதாவது நேரத்தோட அலகு, டிசைனைச் சோதிக்கிற என் டெஸ்ட்பெஞ்ச்ல 1 நானோ பை 1 பிக்கோன்னு இருந்ததால டம்ப்ல நேரம் பிக்கோ செகண்ட்ல வரும், 15 நானோ செகண்ட் வேணும்னா 15000னு கேக்கணும், 15னு கேட்டா அது பாட்டுக்கு ரீசெட்ல இருக்கிற மதிப்பைக் குடுத்துட்டுப் போகும், எரர்லாம் வராது.

இப்போ நான் வாங்கின பெரிய அடி. 256 ட்ரான்ஸ்ஃபர் நடக்கவேண்டிய டெஸ்ட்ல ஸ்க்ரிப்ட் 243னு சொல்லுது. டிசைன்ல டேட்டா தொலையுதுன்னு நெனச்சு, ஆர்டிஎல் (டிசைனோட வெரிலாக் கோட்) எழுதின நண்பர்கிட்ட போய், "பாஸ், உங்க ஃபிஃபோ 13 பீட்டை முழுங்குது"ன்னு ரொம்பக் கெத்தா சொல்லிட்டு வந்துட்டேன். ஃபிஃபோன்னா டேட்டா வரிசையா காத்திருக்கிற எடம், பீட்னா ஒரு ட்ரான்ஸ்ஃபர். அவரு பாவம் மதியச் சாப்பாட்டை விட்டுட்டு உக்காந்து தேடினாரு. கடைசில தப்பு என்னோடது.

என்ன ஆச்சுன்னா, நான் க்ளாக் 1 ஆகுற நேரத்துலயே வேலிட், ரெடி ரெண்டையும் படிச்சேன். டிசைன்ல இருந்து வர்ற வேலிட் சரியா 15000ல 1 ஆகுது, டெஸ்ட்பெஞ்ச்ல இருந்து வர்ற ரெடிக்கு யாரோ 1 நானோ டிலே போட்டிருக்காங்க, அது 16000ல ஏறுது. நெஜமான ஹேண்ட்ஷேக் அடுத்த எட்ஜ்ல, 25000ல. ஆனா அந்த எட்ஜ்லயே வேலை முடிஞ்சதுன்னு வேலிட் எறங்கிருது, ரெடி 26000ல தான் எறங்கும். டம்ப்ல 25000னு கேட்டா எட்ஜுக்கு அப்புறம் வந்த புது மதிப்புதான் கெடைக்கும், வேலிட் 0, ரெடி 1. 15000ல கேட்டா வேலிட் 1, ரெடி 0. ரெண்டு எடத்துலயும் எண்ணிக்கைல சேரல, அந்த ட்ரான்ஸ்ஃபரே நடக்காத மாதிரி ஆயிருச்சு. ரெடி ஏற்கெனவே 1ல நின்னப்போ தொடர்ந்து வந்த பீட்லாம் எண்ணிக்கை சரியா வந்திருக்கு, தனியா வந்த 13 மட்டும் காணாம போச்சு, அதனாலதான் அது டிசைன் பக் மாதிரியே தெரிஞ்சுது. டிசைன்ல மதிப்பைப் புடிச்சு வைக்கிற ஃப்ளாப் பாக்கறது எட்ஜுக்கு முன்னாடி இருந்த மதிப்பை. அதனால எட்ஜ் நேரத்துல இருந்து ஒண்ணு கழிச்சு, 24999ல படிக்கணும். ஒரே ஒரு மைனஸ் 1, 256 வந்துருச்சு. நண்பருக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடுத்தேன், இன்னும் அந்த 13ஐ வச்சு ஓட்டுறாரு.

லைப்ரரிய இதுக்குக் குறை சொல்ல முடியாது, அது ஃபைல்ல இருக்கறதைத்தான் சொல்லுச்சு.

குறைன்னு சொன்னா மதிப்பெல்லாம் ஸ்ட்ரிங்கா வர்றது. எக்ஸ் (மதிப்பு என்னன்னு தெரியாத நிலை) வரும்னால அப்படி வச்சிருக்காங்க, நியாயம்தான், ஆனா ரீசெட்டுக்கு முன்னாடி வர்ற எக்ஸை அப்படியே நம்பரா மாத்தப் போனா வேல்யூஎரர்ல ஸ்க்ரிப்ட் செத்துரும். இன்னொண்ணு, முன்னாடி வர்ற சைபரை ஐகாரஸ் டம்ப்ல எழுத மாட்டான், 8 பிட் பஸ்ல 5 இருந்தா வெறும் 101னு தான் வரும், ஏழாவது பிட் எங்கன்னு எண்ணிப் பாத்தா இல்லவே இல்ல. சைபர் போட்டு நெரப்பலாம்னு பாத்தா அதுலயும் ஒரு சிக்கல், முன்னாடி எக்ஸ் இருந்தா எக்ஸாலதான் நெரப்பணும், இசட் (யாரும் ஓட்டாத வயர்) இருந்தா இசட்டால. இந்தச் சின்ன ஃபங்ஷனை நானே எழுதி எல்லா ஸ்க்ரிப்ட்லயும் ஒட்டிக்கிட்டிருக்கேன்.

ஃபைல் பெருசாகும்னு நடுவுல டம்ப் எழுதுறதை நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கிற டம்ப்ஆஃப், டம்ப்ஆன் போடுறவங்க கவனிங்க. ஆஃப் பண்ணும்போது எல்லா சிக்னலையும் எக்ஸ்னு எழுதுவான், ஆன் பண்ணும்போது இப்போதைய மதிப்பை எழுதுவான். அந்த நேரம் க்ளாக் 1ல இருந்தா இல்லாத ஒரு எட்ஜ் உங்க கணக்குல ஏறும். அதனால முந்தின மதிப்பு 0வா இருந்து 1 ஆச்சான்னு பாத்துதான் இப்போ எண்ணுறேன்.

மெமரிதான் நெஜமான பிரச்சனை. ஃபைல்ல ரெண்டெழுத்து ஒரு வரி, ஆனா பைத்தான்ல நேரம், மதிப்பு ஜோடியை வைக்கிற ஒரு டூப்பிள் மட்டுமே 50 பைட்டுக்கு மேல, அது போக லிஸ்ட்ல ஒரு பாயிண்டர். க்ளாக் மாறுற மாறுற மாதிரி இது ஏறிக்கிட்டே போகும், 2 ஜிபி டம்ப்பை அப்படியே குடுத்தேன், லேப்டாப் மூச்சு விடாம நின்னுருச்சு. வேணுங்கிற சிக்னலை மட்டும் முன்னாடியே லிஸ்ட் பண்ணிக் குடுத்தா மெமரி அடங்கிரும், நேரம் மட்டும் பெருசா குறையாது, முழு ஃபைலையும் வரி வரியா பைத்தான்ல தானே படிக்கணும்.

அதனால போன வருஷத்துல இருந்து பெரிய ரன்னுக்கெல்லாம் வெரிலேட்டர்லயே எஃப்எஸ்டி எடுக்கிறேன், ஜிடிகேவேவோட ஃபார்மட், கம்ப்ரஸ் ஆகி வரும். அதை விசிடிவிசிடி படிக்காது. ஜிடிகேவேவ் கூட வர்ற டூலை வச்சு விசிடியா மாத்தலாம், ஆனா மாத்தினா பழைய குண்டு ஃபைல் தானே. இதுக்கு பைவெல்லன் நல்லா இருக்கு, சர்ஃபர்னு ஒரு வேவ்ஃபார்ம் வியூவர் இருக்குல்ல, அதுக்குள்ள இருக்கிற ரஸ்ட் லைப்ரரிக்கு பைத்தான் மேல்மூடி, விசிடி, எஃப்எஸ்டி ரெண்டும் படிக்கும், வேகம் வேற லெவல். பைவிசிடிங்கிற லைப்ரரியும் தொட்டுப் பாத்தேன், அது ஃபைலை டோக்கன் டோக்கனா, அதாவது துண்டு துண்டா குடுக்கும், மெமரி பயம் இல்ல, ஆனா மிச்சமெல்லாம் நாமளே கட்டணும்.

சின்ன ப்ளாக் டெஸ்ட்டுக்கு இன்னும் விசிடிவிசிடிதான். எல்லா டெஸ்ட்டையும் மறுபடி ஓட்டிப் பாக்கிற ராத்திரி ரெக்ரஷன்ல ஓடுற அந்த ஹேண்ட்ஷேக் ஸ்க்ரிப்ட்டும் அதுலதான் இருக்கு, மைனஸ் 1 பக்கத்துல "இதைத் தொடாதே, 13 பீட்"னு கமெண்ட் போட்டு வச்சிருக்கேன்.